ரெடாக்ஸ் தரம்பார்த்தல் கணக்கு தப்பினால், எத்தனை மடங்கு தப்பியது என்று பாருங்கள்

ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் கைமாறும் வினையை வைத்து, செலவான கரைசலின் அளவிலிருந்து பொருளின் அளவைக் காண்பதுதான் ரெடாக்ஸ் தரம்பார்த்தல். அந்தக் கணக்கில் விடை தப்பினால் நம்மில் பலர் முதல் வரியிலிருந்து மறுபடியும் போட்டுப் பார்ப்போம். முதல் தடவை எங்கே சறுக்கியதோ, அங்கேயேதான் இரண்டாம் தடவையும் சறுக்கும். அதே எண் மறுபடி வரும், குழப்பம்தான் கூடும்.

வேறு வழி ஒன்று உண்டு. வந்த விடையையும் வர வேண்டிய விடையையும் ஒன்றால் மற்றொன்றை வகுத்துப் பாருங்கள். 5, 10, 25, 6.25, 1.67 என்று ஏதாவது தெரிந்த எண் வந்தால், தப்பு எந்தப் படியில் நடந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கணக்குகளில் எல்லாமே பெருக்கலும் வகுத்தலும்தான். அதனால் விடுபட்ட படியோ தலைகீழாகப் போட்ட படியோ விடையில் ஒரு மடங்காகத்தான் வந்து நிற்கும். பின்தரம்பார்த்தல் (ஒரு பொருளை மிகையாகப் போட்டு, வினைக்குப் பின் எஞ்சியதை அளப்பது) ஒன்று மட்டும் விலக்கு. அதில் ஒரு கழித்தல் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு மாதிரிக் கணக்கு

கீழே வரும் முதல் சில அறிகுறிகளுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மாசு கலந்த பெர்ரஸ் சல்பேட் உப்பு 2.80 கிராம் இருக்கிறது (ஏழு நீர் மூலக்கூறுகளோடு சேர்த்து மோலார் நிறை 278). அதை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து 250 மிலி ஆக்குகிறோம். அதில் 25.0 மிலி பிப்பெட்டில் எடுத்து, 0.0100 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது 18.60 மிலி செலவாகிறது. உப்பின் தூய்மை எவ்வளவு?

சமன்பாடு இது (பெர்ரஸ் என்பது இரும்பு(2+), பெர்ரிக் என்பது இரும்பு(3+)):

1 பெர்மாங்கனேட் + 5 பெர்ரஸ் + 8 ஹைட்ரஜன் அயனி → 1 மாங்கனீசு(2+) + 5 பெர்ரிக் + 4 நீர்

செலவான பெர்மாங்கனேட்: 18.60 × 0.0100 = 0.186 மில்லிமோல்.
25 மிலி-யில் இருந்த பெர்ரஸ்: 0.186 × 5 = 0.930 மில்லிமோல்.
250 மிலி முழுவதிலும்: 9.30 மில்லிமோல்.
நிறை: 9.30 × 278 = 2585 மில்லிகிராம், அதாவது 2.585 கிராம்.
தூய்மை: 2.585 ÷ 2.80 = 92.3 சதவீதம்.

மில்லிலிட்டரை மோலாரிட்டியால் பெருக்கினால் நேரடியாக மில்லிமோல் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் 1000-ஆல் வகுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் "மில்லி" என்று எழுத மறக்கக்கூடாது. விடை 1000 மடங்கு எகிறியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்த "மில்லி"தான் தொலைந்திருக்கும்.

அறிகுறி: விடை 5 மடங்கு குறைவு (18.5 சதவீதம்)

மோல் விகிதம் போடவேயில்லை. பெர்மாங்கனேட்டின் மோலையே பெர்ரஸின் மோலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அமில–காரத் தரம்பார்த்தலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு என்று ஒன்றுக்கு ஒன்றாகவே போட்டுப் பழகிய கைக்கு இது தானாக வரும் தப்பு.

சில சமயம் விகிதம் போட்டிருப்பீர்கள், ஆனால் சமன்பாடே 1:1 என்று இருந்திருக்கும். அணுக்களை மட்டும் எண்ணிச் சமன் செய்தால் இப்படி ஆகும். பாருங்கள்:

1 பெர்மாங்கனேட் + 1 பெர்ரஸ் + 8 ஹைட்ரஜன் அயனி → 1 மாங்கனீசு(2+) + 1 பெர்ரிக் + 4 நீர்

மாங்கனீசு, இரும்பு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் நான்கும் இரண்டு பக்கமும் கச்சிதமாகச் சரி. பார்த்தால் குற்றமே தெரியாது. மின்சுமையை எண்ணுங்கள்: இடப்பக்கம் −1 + 2 + 8 = +9; வலப்பக்கம் +2 + 3 = +5. நாலு குறைகிறது. அந்த நாலும் இன்னும் நான்கு பெர்ரஸ் அயனிகள் கொடுக்க வேண்டிய எலக்ட்ரான்கள். ஐந்து பெர்ரஸ் போட்டதும் இடப்பக்கம் −1 + 10 + 8 = +17, வலப்பக்கம் +2 + 15 = +17. சரி.

ரெடாக்ஸ் சமன்பாட்டில் மின்சுமையைச் சரிபார்க்காமல் விகிதத்தைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. அதற்குப் பத்து வினாடி போதும்.

அறிகுறி: விடை 25 மடங்கு குறைவு (3.69 சதவீதம்)

விகிதம் தலைகீழ். 5-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 5-ஆல் வகுத்துவிட்டீர்கள்; 5 × 5 = 25. மடங்கு எண் ஒரு வர்க்கமாக வந்தால் (25, 36, 4) முதல் சந்தேகம் தலைகீழ் விகிதத்தின் மேல்தான் விழ வேண்டும்.

இது எங்கிருந்து வருகிறது? "பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரான் வாங்குகிறது, பெர்ரஸ் 1 கொடுக்கிறது, ஆகவே பெர்மாங்கனேட்டுக்கும் பெர்ரஸுக்கும் விகிதம் 5:1" என்று மனம் தாவுகிறது. எலக்ட்ரான் எண்ணிக்கையும் மோல் எண்ணிக்கையும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஒரே ஆளாக ஐந்து எலக்ட்ரான் விழுங்குகிற பெர்மாங்கனேட் கொஞ்சமாக இருந்தாலே போதும். ஒன்றொன்றாகக் கொடுக்கிற பெர்ரஸ்தான் நிறைய வேண்டும். விகிதம் 1:5.

பெருக்கவா வகுக்கவா என்ற சந்தேகம் வராமல் இருக்க, எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதை மேலே வைத்துப் பின்னமாக எழுதுங்கள்:

பெர்ரஸ் ÷ பெர்மாங்கனேட் = 5 ÷ 1

ஆக பெர்ரஸ் = 5 × பெர்மாங்கனேட். "1:5" என்று புள்ளி வைத்து எழுதினால் எது எதற்கு என்பது இரண்டு வரி கழித்து மறந்துபோகும். பின்னமாக எழுதினால் பெயரும் கூடவே வரும்.

அறிகுறி: விடை சரியாகப் பாதி, அல்லது சரியாக இரண்டு மடங்கு

இந்த அறிகுறிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஓர் அணுவுக்கு எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணி, ஒரு மூலக்கூறில் அந்த அணு எத்தனை இருக்கிறது என்று பார்க்காமல் விட்டது. மாட்டிவிடும் ஆட்கள் மூன்று பேர்.

டைகுரோமேட்: குரோமியம் +6-இலிருந்து +3-க்கு இறங்குகிறது, மூன்று எலக்ட்ரான். ஆனால் ஒரு டைகுரோமேட்டில் குரோமியம் இரண்டு, மொத்தம் ஆறு. பெர்ரஸோடு விகிதம் 1:6. 1:3 என்று போட்டால் இரும்பு பாதியாகத் தெரியும்.

ஆக்சலேட்: கார்பன் +3-இலிருந்து +4-க்கு ஏறுகிறது, ஒரே எலக்ட்ரான். கார்பன் இரண்டு இருப்பதால் ஆக்சலேட் ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான். பெர்மாங்கனேட் ஐந்து வாங்கும். இரண்டுக்கும் பொதுவான எண் 10. ஆகவே 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சலேட். கார்பன் ஒன்றுதான் என்று நினைத்து 1:5 போட்டால் ஆக்சலேட் இரட்டிப்பாகிவிடும்.

அயோடின்–தயோசல்பேட்: அயோடின் மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான் வாங்கி இரண்டு அயோடைடு ஆகிறது. தயோசல்பேட்டில் கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணைத் தேடிப் போனால் டெட்ராதயோனேட்டில் 2.5 என்று பின்னம் வந்து பயமுறுத்தும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மின்சுமையைப் பாருங்கள்: −2 கொண்ட தயோசல்பேட் இரண்டு சேர்ந்தால் −4; உண்டாகும் டெட்ராதயோனேட் −2. இரண்டு எலக்ட்ரான் போயிருக்கிறது, ஆளுக்கு ஒன்று. ஆகவே 1 அயோடினுக்கு 2 தயோசல்பேட்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் இதே வகைதான். ஆக்சிஜன் −1-இலிருந்து 0-க்கு, இரண்டு ஆக்சிஜன், இரண்டு எலக்ட்ரான், பெர்மாங்கனேட்டோடு 2:5.

அறிகுறி: விடை 6.25 மடங்கு தப்பு

6.25 என்பது 2.5-இன் வர்க்கம். அதாவது 2:5 விகிதம் தலைகீழாகியிருக்கிறது. ஆக்சலேட், பெராக்சைடு கணக்குகளில் இது வரும். பெர்ரஸ் கணக்கில் தலைகீழாகப் போட்டவருக்குத் தப்பு கண்ணில் படும்; இங்கே பல நேரம் படாது. ஏனென்றால் சூத்திரம் போட்டே தப்பியிருப்பார்கள்.

சூத்திரம் இரண்டு வடிவத்தில் புழங்குகிறது. ஒன்றில் மோலாரிட்டியையும் கனஅளவையும் பெருக்கி, சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுக்க வேண்டும். இன்னொன்றில் அந்தப் பொருள் ஒரு மோலுக்குக் கைமாற்றும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இரண்டுமே சரி. ஆனால் பெரும்பாலான குறிப்பேடுகளில் இரண்டு எண்ணையும் ஒரே எழுத்தால்தான் குறித்து வைத்திருப்பார்கள். வம்பு அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 25.0 மிலி ஆக்சாலிக் அமிலத்துக்கு 0.0200 மோலார் பெர்மாங்கனேட் 20.00 மிலி செலவாகிறது. பெர்மாங்கனேட் 0.400 மில்லிமோல்.

முதல் வடிவம்: 0.400 ÷ 2 = ஆக்சாலிக் ÷ 5. ஆக்சாலிக் = 1.00 மில்லிமோல்.
இரண்டாம் வடிவம்: 0.400 × 5 = ஆக்சாலிக் × 2. அதே 1.00 மில்லிமோல்.
கலந்துகட்டினால்: 0.400 ÷ 5 = ஆக்சாலிக் ÷ 2. ஆக்சாலிக் = 0.160 மில்லிமோல்.

செறிவு 0.0400 மோலாருக்குப் பதில் 0.0064 மோலார் என்று வரும். 6.25 மடங்கு குறைவு. மூன்றாவது வரியும் பார்க்க மற்ற இரண்டையும் போலவே அழகாகத்தான் இருக்கிறது.

எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வேன். "கொடுத்த எலக்ட்ரான் = வாங்கிய எலக்ட்ரான்" என்ற ஒரே விஷயத்தைத்தான் அது சொல்கிறது; சமன்பாடு முழுவதையும் எழுதாமலேகூடக் கணக்கு முடிந்துவிடும். அது பிடிக்காதவர்கள் சூத்திரம் இல்லாமல், மோல், விகிதம், மோல் என்று மூன்று வரியில் போடலாம். இரண்டு சூத்திரத்தையும் பாதிப் பாதி நினைவில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

அறிகுறி: விடை 5 மடங்கு அதிகம்

குறைவாக இல்லாமல் அதிகமாக வந்திருக்கிறதா? கேள்வியை மறுபடி படியுங்கள். செறிவு "நார்மல்" (ஒரு லிட்டர் கரைசல் எத்தனை மோல் எலக்ட்ரானைக் கைமாற்றும் என்ற அளவு) என்று கொடுத்திருப்பார்கள், நீங்கள் மோலார் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அமிலக் கரைசலில் 0.1 நார்மல் பெர்மாங்கனேட் என்பது 0.02 மோலார்தான். நார்மாலிட்டிக்குள் அந்த 5 ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. மேலே இன்னொரு 5 போட்டால் இரண்டு முறை கணக்கிட்டதாகிவிடும். டைகுரோமேட்டில் இதே தப்பு 6 மடங்காக வரும்.

நார்மாலிட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. நடுநிலைக் கரைசலில் பெர்மாங்கனேட் மாங்கனீசு டைஆக்சைடாக நின்றுவிடும், மூன்று எலக்ட்ரான்தான் வாங்கும். அங்கே அதே 0.1 நார்மல் 0.033 மோலார் ஆகிவிடும். குப்பியில் இருப்பது ஒரே கரைசல்தான், ஆனால் எந்த வினைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் நார்மாலிட்டி மாறும்.

அறிகுறி: 10 மடங்கு, அல்லது தூய்மை 100-ஐத் தாண்டுகிறது

9.23 சதவீதம் வந்தால், 25 மிலி-யில் கண்டதை 250 மிலி-க்கு உயர்த்தவில்லை. 923 சதவீதம் வந்தால் இரண்டு முறை உயர்த்திவிட்டீர்கள். கேள்வியில் "250" என்ற எண்ணைக் கண்டதும் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முழு மடங்காக இல்லாமல் 130 சதவீதம் என்று வந்தால், மோலார் நிறையில் கைவையுங்கள்: 278-க்குப் பதில் மோர் உப்பின் (Mohr's salt, பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்) 392-ஐப் போட்டிருப்பீர்கள். 50.5 சதவீதம் வந்தால், நீரில்லாப் பெர்ரஸ் சல்பேட்டின் 152. 18.5 சதவீதம் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். விகிதத்தை விட்டால் 18.47, இரும்பின் 55.85-ஐப் பெருக்கியிருந்தால் 18.55. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். இந்த ஒரு இடத்தில் மடங்கை மட்டும் நம்பாமல் வரிகளையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: அயோடின் நடுவில் வந்தால் மட்டும் விடை தப்புகிறது

தாமிரக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை மிகையாகச் சேர்க்கிறோம். வெளிவரும் அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்கிறோம். இரண்டு சமன்பாடுகள் (குப்ரிக் என்பது தாமிரம்(2+), குப்ரஸ் என்பது தாமிரம்(1+)):

2 குப்ரிக் + 4 அயோடைடு → 2 குப்ரஸ் அயோடைடு + 1 அயோடின்
1 அயோடின் + 2 தயோசல்பேட் → 2 அயோடைடு + 1 டெட்ராதயோனேட்

25.0 மிலி தாமிரக் கரைசலுக்கு 0.100 மோலார் தயோசல்பேட் 22.40 மிலி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தயோசல்பேட் 2.24 மில்லிமோல், அயோடின் அதில் பாதி, 1.12, தாமிரம் அயோடினைப் போல் இரு மடங்கு, 2.24. செறிவு 0.0896 மோலார்.

விடை 0.0448 என்று பாதியாக வந்தால், அயோடினோடு நின்றுவிட்டீர்கள். 0.1792 என்று இரட்டித்தால், இரண்டாம் சமன்பாட்டை மறந்து தயோசல்பேட்டையே இரண்டால் பெருக்கிவிட்டீர்கள். முதல் சமன்பாட்டில் நிற்கும் "4 அயோடைடு"வும் பலரை இழுத்துப் பள்ளத்தில் தள்ளும். நான்கில் இரண்டுதான் எலக்ட்ரான் கொடுத்து அயோடின் ஆகின்றன. மற்ற இரண்டும் குப்ரஸ் அயோடைடு வீழ்படிவில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அயோடைடு மிகையாகத்தான் இருக்கிறது, அது எவ்வளவு என்று கேள்வியில் கொடுத்திருந்தாலும் கணக்குக்கு வேண்டாம்.

இதில் அயோடின் வெறும் தரகர். ஒருவரிடம் எலக்ட்ரானை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. அதனால் இரண்டு முனையையும் மட்டும் பார்த்தால் போதும்: குப்ரிக் ஒரு எலக்ட்ரான் வாங்குகிறது, தயோசல்பேட் ஒன்று கொடுக்கிறது, விகிதம் 1:1. சமன்பாடுகள் வழியாக வந்த விடையைச் சரிபார்க்க இது ஒரு வரி வேலை.

இதே பார்வையில் டைகுரோமேட்டுக்கு 6 தயோசல்பேட். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் நடுவில் மாங்கனீசு, அயோடின் என்று இரண்டு தரகர்கள்; ஆனாலும் ஆக்சிஜன் மூலக்கூறு வாங்குவது நான்கு எலக்ட்ரான்தான். ஆகவே 1:4.

அயோடேட்டில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. அயோடேட்டின் அயோடின் +5-இல் இருக்கிறது. அமிலத்தில் அயோடைடோடு சேர்ந்தால் 0-க்கு வந்து அயோடின் ஆகிறது. ஐந்து எலக்ட்ரான், ஆக 1:5 என்று போட்டால் தப்பு. அந்த அயோடினும் தயோசல்பேட்டிடம் ஒரு எலக்ட்ரான் வாங்கி −1-க்குப் போய்த்தான் நிற்கிறது. முதலிலிருந்து கடைசி வரை ஆறு, விகிதம் 1:6. விடை 1.2 மடங்கு தப்பினால் இதுதான் காரணம். சமன்பாடு வழியாகப் போனாலும் அதே ஆறுதான்: 1 அயோடேட் + 5 அயோடைடு 3 அயோடின் தரும், 3 அயோடினுக்கு 6 தயோசல்பேட்.

அறிகுறி: மடங்கு எந்தத் தெரிந்த எண்ணோடும் பொருந்தவில்லை

1.42, 0.47 என்று சம்பந்தமில்லாத எண் வந்தால், கேள்வியில் "மிகையான", "எஞ்சிய" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அது பின்தரம்பார்த்தல்.

மாங்கனீசு டைஆக்சைடு தாது 0.500 கிராம். அதை 0.100 மோலார் ஆக்சாலிக் அமிலம் 50.0 மிலி-யோடு, கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்குகிறோம். ஆறிய பின் 250 மிலி ஆக்கி, அதில் 25.0 மிலி-யை 0.0100 மோலார் பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்தால் 6.40 மிலி. தாதுவில் மாங்கனீசு டைஆக்சைடு எத்தனை சதவீதம்?

முதலில் போட்ட ஆக்சாலிக்: 5.00 மில்லிமோல்.
செலவான பெர்மாங்கனேட்: 0.0640 மில்லிமோல்.
25 மிலி-யில் எஞ்சிய ஆக்சாலிக்: 0.0640 × 5 ÷ 2 = 0.160.
250 மிலி-யில் எஞ்சியது: 1.60.
தாதுவோடு வினைபட்டது: 5.00 − 1.60 = 3.40 மில்லிமோல்.

மாங்கனீசு டைஆக்சைடு +4-இலிருந்து +2-க்கு வருகிறது, இரண்டு எலக்ட்ரான்; ஆக்சலேட் கொடுப்பதும் இரண்டு. விகிதம் 1:1. ஆக 3.40 × 86.94 = 295.6 மில்லிகிராம், 59.1 சதவீதம்.

27.8 சதவீதம் வந்ததா? கழிக்கவே இல்லை, எஞ்சியதையே தாது என்று எடுத்துக்கொண்டீர்கள். 84.2 சதவீதமா? கழித்திருக்கிறீர்கள், ஆனால் 250 மிலி-யின் 5.00-இலிருந்து 25 மிலி-யின் 0.160-ஐக் கழித்திருக்கிறீர்கள். கழிப்பதற்கு முன் இரண்டு எண்களும் ஒரே குடுவைக்கு உரியவையா என்று பாருங்கள். இந்தக் கழித்தலால்தான் மடங்கு வைத்துத் துப்புத் துலக்கும் வேலை இங்கே பலிப்பதில்லை.

ஒரு விரைவுச் சோதனை மட்டும் செய்யலாம். பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவானதாக மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். எஞ்சியது கூடும், தாது குறைய வேண்டும். உங்கள் கணக்கில் தாது கூடுகிறது என்றால் கழித்தல் எங்கோ விடுபட்டிருக்கிறது.

அறிகுறி: 1.67 மடங்கு தப்பு

பெர்ரஸ் ஆக்சலேட்டைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் கணக்கு என்றால் இது 5/3. பெர்ரஸ் ஒன்றும் ஆக்சலேட் இரண்டுமாக மூன்று எலக்ட்ரான் போகிறது. 3 பெர்மாங்கனேட்டுக்கு 5 பெர்ரஸ் ஆக்சலேட். இந்த விகிதத்தைப் போடாமல் விட்டால் விடை 1.67 மடங்கு குறையும். பெர்ரஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் மனப்பாடத்திலிருந்து 1:5 எடுத்துப் போட்டால் விடை மூன்று மடங்கு தப்பும். ஆக்சலேட்டை மட்டும் எண்ணி 2:5 போட்டால் ஒன்றரை மடங்கு. பொட்டாசியம் அயனிக்கோ சல்பேட்டுக்கோ இந்த மாதிரி வேலை இல்லை, ஆனால் எதிர்மின் அயனி ஆக்சலேட்டாகவோ அயோடைடாகவோ இருந்தால் அதுவும் எலக்ட்ரான் கொடுக்கும் என்பதை மறக்கக்கூடாது.

1.67 வேறோர் இடத்திலும் வரும். அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டுக்கு 5 போட வேண்டிய இடத்தில் 3 போட்டால், அல்லது நடுநிலைக் கரைசலில் 3-க்குப் பதில் 5 போட்டால். கேள்வியில் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: விகிதமே தெரியவில்லை, கேள்வியில் விளைபொருளும் இல்லை

சமன்பாடு எழுத முடியாமல் திகைத்து நிற்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றில் விகிதம்தான் விடை. அளவுகளிலிருந்து விகிதத்துக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். மிகையான பெர்ரிக் அயனியோடு ஹைட்ராக்சிலமீனைக் கொதிக்கவைத்து, உண்டான பெர்ரஸைத் தரம்பார்க்கும் கணக்கு இதற்கு நல்ல மாதிரி.

0.0200 மோலார் ஹைட்ராக்சிலமீன் 25.0 மிலி: 0.500 மில்லிமோல். உண்டான பெர்ரஸுக்கு 0.0100 மோலார் பெர்மாங்கனேட் 19.90 மிலி: 0.199 × 5 = 0.995 மில்லிமோல் பெர்ரஸ். 0.995 ÷ 0.500 = 1.99, அதாவது 2. ஒரு ஹைட்ராக்சிலமீன் இரண்டு எலக்ட்ரான் கொடுத்திருக்கிறது. அதில் நைட்ரஜன் −1. இரண்டு போனால் +1. நைட்ரஜன் +1-இல் இருக்கும் ஆக்சைடு நைட்ரஸ் ஆக்சைடு. விளைபொருள் கிடைத்துவிட்டது.

1.99-ஐ 2 என்று எடுக்கலாம். 1.5 வந்தால் 2 என்று எடுக்கக்கூடாது, அது 3:2. பின்னத்தைக் கண்டு பயந்து அருகிலுள்ள முழு எண்ணுக்கு இழுத்துவிட்டால், இல்லாத விளைபொருளைக் கண்டுபிடித்துவிடுவோம்.

அறிகுறி: கணக்கு சரி, ஆய்வகத்தில் எடுத்த அளவீடே சரியில்லை

விகிதம் என்பது சமன்பாட்டில் எழுதிய வினை மட்டுமே குடுவையில் நடக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கை உடைந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

கூம்புக்குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் தெரிந்தால் அமிலம் போதவில்லை. பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி மாங்கனீசு டைஆக்சைடாக நின்றுபோகிறது. ஒரு பகுதி 5, ஒரு பகுதி 3 என்று கலந்து நடப்பதால் கணக்கில் இதைத் திருத்த முடியாது. கொட்டிவிட்டு அமிலத்தைக் கூட்டி மறுபடி செய்ய வேண்டியதுதான்.

அமிலம் என்றால் கந்தக அமிலம். ஹைட்ரோகுளோரிக் போட்டால் குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் சாப்பிடும், பியூரெட் அளவு கூடும். நைட்ரிக் போட்டால் அதுவே பெர்ரஸை ஆக்சிஜனேற்றிவிடும், அளவு குறையும்.

ஆக்சலேட் தரம்பார்த்தலில் முதல் சில சொட்டுகளின் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றால் முடிவு நிலை வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். கரைசல் ஆறியிருக்கும். 60–70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் நிறம் மறையத் தொடங்கும். மாங்கனீசு(2+) கொஞ்சம் உண்டான பிறகு அதுவே வினையூக்கியாகி வேகம் பிடித்துவிடும். உண்மையான முடிவு நிலையில் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடமாவது நிற்கும்.

அயோடின் தரம்பார்த்தலில் ஸ்டார்ச்சைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் அயோடினை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், முடிவு நிலை இழுத்தடிக்கும். கரைசல் வெளிர் மஞ்சளுக்கு வந்த பிறகு சேருங்கள்.

அறிகுறி: கடைசி இலக்கத்தில் மட்டும் வித்தியாசம்

92.3-க்குப் பதில் 92.2 அல்லது 92.6 என்றால் விகிதத்தில் கோளாறு இல்லை. நடுவில் எங்கோ முழுமையாக்கியிருப்பீர்கள்: 0.186-ஐ 0.19 என்று எழுதினால் 92.3 போய் 94.3 என்றுகூட ஆகிவிடும். அல்லது இரும்பை 55.85 என்று எடுத்தவருக்கும் 56 என்று எடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம். பெர்மாங்கனேட் அடர்ந்த நிறமாக இருப்பதால் பியூரெட்டில் கீழ்ப்பிறைக்கு (கரைசல் மட்டத்தின் வளைந்த அடிப்பகுதி) பதில் மேல் விளிம்பைப் படிப்பது வழக்கம். தொடக்கத்தில் மேல் விளிம்பையும் முடிவில் கீழ்ப்பிறையையும் படித்தால் ஒரு மிலி-யின் பத்தில் ஒரு பங்கு கைநழுவும், 18.60-இல் அது அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல்.